கொல்லிமலைக்குப் போனவர்

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பக்கீர் முகமதுவுக்கு இரண்டு தொழில்கள். ஒன்று, பருப்பும் புளியும் கருவாடும் விற்பது. அதில் அவர் சுமார்தான். அவருடைய துவரம்பருப்பில் கல் இருக்கும். சொன்னால் கோபமும் வரும். இன்னொன்று, சாவுச் செய்தி சொல்வது. அதில் சேர்வராயன் மலை முழுக்கத் தேடினாலும் அவருக்கு ஈடு கிடையாது. முதல் தொழிலுக்குப் போர்டு மாட்டியிருந்தார். இரண்டாவதற்கு அவரை யாரும் நியமிக்கவில்லை, கடையில் இருந்த டெலிபோன் நியமித்தது.

அந்தக் காலத்தில் மலைக்காரர் ஒருவர் கூச்சப்படாமல் போய் நிற்கக்கூடிய டெலிபோன் அது ஒன்றுதான். எஸ்டேட் பங்களாக்களில் இருந்தவற்றுக்குக் காவலாக நாய்கள் இருந்தன. மாரமங்கலத்திலோ கரடியூரிலோ ஒருவரைச் சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தால், சேர்க்கும்போதே பாய் கடை நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். நல்ல செய்திக்கு யாரும் டிரங்க் கால் போடுவதில்லை. ஆகவே மணி அடித்தால் பாய் எடைபோட்டுக்கொண்டிருந்ததை அப்படியே நிறுத்திவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டுதான் போனை எடுப்பார்.

அவருடைய முறை இது. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து முதலில் ஒரு டீ, சர்க்கரை தூக்கலாக. பாதி டீ உள்ளே போனதும், "கொஞ்சம் சீரியஸா இருக்காராம், உன்னப் பாக்கோணும்ங்கறாராம்." அடுத்து சேலம் பஸ்ஸில் ஜன்னலோர சீட். கண்டக்டர் பழனிசாமிக்குக் கண்ணைக் காட்டினால் போதும், அந்த ஆளிடம் மட்டும் கடைசியாகத்தான் டிக்கெட் கேட்பார். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் விஷயம் தானாகப் புரிந்துவிடும் என்பது பாயின் நம்பிக்கை. செத்துப்போனார் என்ற வார்த்தையை முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

இதைத் தாங்க மாட்டாதவர்களுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள், நெஞ்சுவலிக்காரர்கள், ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்கள். அவர்கள் செத்தவரைப் பற்றிக் கேட்டால், "கொல்லிமலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லச் சொல்வார். போக ஒரு நாள், வர ஒரு நாள், போன் கிடையாது, நம் மலைக்காரர்களுக்கு அங்கே சொந்தமும் உண்டு. நல்ல பொய்க்கு வேண்டிய எல்லாம் கொல்லிமலையில் இருந்தது. பாயிடமிருந்து இந்தப் பொய் ஊருக்கே பரவி, ஊர்ப் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் கண்டுபிடித்தது என்பதே மறந்துபோகும் அளவுக்கு.

மற்றவர்களின் கெட்ட செய்தியை இவ்வளவு பக்குவமாகக் கையாண்டவர், தன்னுடையதை யாரிடமும் சொல்ல மாட்டார். எண்பத்தேழாம் வருஷம் அவருக்கு ஒழுங்காகவே இல்லை. மாசியில் அவருடைய அம்மா மவுத்தானார். மறுநாளே கடையைத் திறந்துவிட்டார். ஆடியில் தம்பி உசேன் பங்கு கேட்டான். இரண்டு பேரும் சத்தம் போடாமல் பேசி, கடைக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவர் கடையோடு நிற்காமல் பின்பக்கத்து வீட்டுக்குள்ளும் போயிற்று. கார்த்திகையில் ஒரே மகன் ரியாத்துக்குப் போனான். போகிற அன்று காலையில்தான் அப்பாவிடம் சொன்னான். "நல்லபடியா போய்ட்டு வா சாமி" என்று சொல்லிவிட்டுப் பாய் வெல்லம் நிறுக்கப் போனார். கடைக்கு மேல்மாடியில் குடியிருந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்த எனக்கு இவை எல்லாம் தெரியும். ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எண்பத்தெட்டு ஜனவரியில் ஒரு காலை, தராசைத் தூக்கப் போன வலது கை பாதியில் நின்றது. வாய் கோணிற்று. பழனிசாமியின் பஸ்ஸிலேயே படுக்கவைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு முதலில் குழறி, பிறகு மெல்லத் தெளிந்தது. மூன்றாம் நாள் மாரமங்கலத்திலிருந்து வெள்ளையன் வந்து பார்த்தார்.

வெள்ளையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாயைவிட ஐந்தாறு வயது மூத்த விவசாயி. இரண்டு ஏக்கரில் காப்பி, சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, மேட்டில் சாமை. இருபத்தைந்து வருஷமாகச் சந்தை நாள் தவறாமல் பாய் கடைக்கு வந்து உட்கார்ந்து சண்டை போடுவார். காப்பி பயிரிடும் வெள்ளையன் டீதான் குடிப்பார். டீத்தூள் விற்கும் பாய்க்குக் காப்பிதான் வேண்டும். வெள்ளையன் தன் கையால் வறுத்து இடித்த காப்பித்தூளை ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டலம் கொண்டுவருவார்.

"யோவ் வெள்ளையா, இது காப்பியா, அடுப்புக்கரியா?"

"கரிதாங்க பாய். உங்க பருப்புல கல்லு இருக்கறாப்புல எங்க காப்பில கரி."

இருபத்தைந்து வருஷமும் பாய் அந்தக் கரியைத்தான் குடித்தார். வேறு தூள் வீட்டுக்குள் வரவிட்டதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்த்த வெள்ளையன், "வெரசா எந்திரிங்க, மொளகு காயப்போட உங்க மாடிதான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது நாள் கழித்து மிளகு பறிக்க மூங்கில் ஏணியில் ஏறியவர், சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து அன்றைக்கே இறந்துபோனார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் ஐந்து விஷயங்கள் சொன்னார். தினமும் பிடித்து நடத்த வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். பிரஷர் மாத்திரை தவறக்கூடாது. ஒரு ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அழுத்தப் பழக்க வேண்டும். கடைசியாக, கதவைத் திறந்துகொண்டே, "மனசுக்குக் கஷ்டமான சேதி ஏதாவது இருந்தா கொஞ்சம் பக்குவமா சொல்லுங்க" என்றார்.

முதல் நான்கையும் பாயின் மனைவி சலீமா தனியாளாகச் சுமந்தாள். ஐந்தாவதை மட்டும் மலையே ஏற்றுக்கொண்டது. பக்குவமாகச் சொல்லுங்கள் என்று டாக்டர் சொன்னதை, ஏற்காடு கூடிப் பேசி, சொல்லவே கூடாது என்று முடிவு செய்தது. கறிக்கடைக்காரர், தபால்காரர், பள்ளிவாசல் மோதினார் எல்லோருக்கும் தகவல் போயிற்று. என்ன சொல்வது என்று சலீமா திகைத்தபோது பழனிசாமிதான் யோசனை சொன்னார்.

"கொல்லிமலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிருங்கம்மா. எல்லாரும் அதத்தான சொல்றது."

அந்தப் பொய் யாருடைய பொய் என்று பழனிசாமிக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் பாய் கேட்டார். "வெள்ளையன் வந்தானா?"

"கொல்லிமலைக்குப் போயிருக்காராங்க" என்றாள் சலீமா, கஞ்சியைக் கலக்கிக்கொண்டே.

பாய் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கஞ்சி வேண்டாம் என்றார். அடுத்த நாலைந்து நாளும் ஒவ்வொருவரிடமும் அதையே கேட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த என்னிடமும் கேட்டார். கொல்லிமலையில் இந்த வருஷம் மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறதாம், அதைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றேன் நான். வரலாறு படித்தவனில்லையா, கொஞ்சம் ஆதாரத்தோடு சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தம்பியோடு பாகம் பிரித்த அதே சுவர்.

பேச்சு நன்றாகத் திரும்பியிருந்தது. பேசுவதுதான் இல்லை. சாப்பாடு நாலு வாய். விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார். போன் அடித்தால் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வார். நடக்கக் கூப்பிட்டால், "எங்க போறதுக்கு?" என்பார். பந்தைக் கையில் வைத்தால் விரல்கள் திறந்தே இருக்கும். அது உருண்டு கட்டிலுக்கடியில் போகும். சலீமா குனிந்து எடுப்பாள், வைப்பாள். அது மறுபடியும் போகும்.

"பந்து பொறுக்கியே என் இடுப்பு போச்சு சார்" என்றாள் என்னிடம். "புள்ளையப் பெத்து வளத்தப்பக்கூட இந்த மனுசன் எனக்கு இத்தன வேல வெச்சதில்ல."

பார்க்க வருகிறவர்கள் வேறு. வாதத்துக்குப் புறா ரத்தம் தடவினால் போதும் என்று மலையில் ஒரு திடமான நம்பிக்கை. ஆளுக்கு ஒரு ஜோடியாக மூன்று பேர் புறா கொண்டுவந்தார்கள். ரத்தத்தைத் தொட்டு உடம்பில் பூச அந்த வீட்டில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் மரியாதையில்லை. அட்டைப்பெட்டியில் போட்டு மாடியில் வைத்தார்கள், அதாவது என் வாசலில். ஏப்ரலில் அவை பதினொன்றாகிவிட்டன. வைத்தியம் புறாக்களுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது.

"ஒரு நாளைக்கு எல்லாத்தையும் பிரியாணி போட்டுர்றேன்" என்று சலீமா மாடியைப் பார்த்துக் கத்துவாள். கீழே வந்து, "ஏங்க, புறாக்கறி ஆக்கட்டுமா?" என்று ஆசையாகக் கேட்பாள். பாய் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வார்.

ஏப்ரலில் மறுபடி டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை தேவசிகாமணி என்று ஒரு இளைஞர். டாக்டரோடு இங்கிலீஷில் பேச ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போயிருந்தார்கள். அவர் முழுக்கத் தமிழில் பேசினார். பாயின் கையைத் தூக்கிப் பார்த்தார், விரலை மடக்கிப் பார்த்தார். பாயிடம் தூக்கம், பசி பற்றியெல்லாம் கேட்டார். ஒற்றை வார்த்தைப் பதில்கள். பிறகு சலீமாவையும் என்னையும் தனியே கூப்பிட்டார்.

"இந்த ஒரு ஒன்றரை வருஷத்துல ஊட்ல பெரிய மாற்றம், துக்கம், சண்டை ஏதாச்சும் உண்டுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர்."

எனக்கே சங்கடமாகிவிட்டது. மாமியார் மவுத்து, நடுவீட்டுச் சுவர், மகன் போனது எல்லாவற்றையும் நான் சொன்னேன். வெள்ளையனைப் பற்றியும் சொன்னேன். அது பாய்க்குத் தெரியாது என்றும் சேர்த்துச் சொன்னேன். சொல்லச் சொல்லச் சலீமா என்னை முறைத்தாள். குடும்ப விஷயத்தை வெளியே சொன்ன வாடகைக்காரனைப் பார்க்கிற பார்வை.

டாக்டர் பேனாவை மூடினார். "இதுக்குப் பேரு ஒண்ணுமில்லையாம்மா? பக்கவாதம் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வருது. மூளையில பட்ட அடியும் ஒரு காரணம், இந்த மாதிரி அடிமேல அடி விழறதும் ஒரு காரணம். சோம்பேறித்தனமும் இல்ல, பிடிவாதமும் இல்ல. இதுவும் வியாதிதான். மாத்திரை தர்றேன், மெதுவாத்தான் வேலை செய்யும். ஆனா கைக்கு இதுதான் நேரம். இன்னும் ரெண்டு மூணு மாசம் இப்படியே விட்டா அது வர்றது கஷ்டம். அந்தக் கை தனக்கு வேணும்னு அவருக்குத் தோணணும். அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

"அந்தச் சாவை?" என்று கேட்டேன்.

"சொல்லிருங்க. யாராவது நெருங்கினவங்க, பக்கத்துல உக்காந்து."

வெளியே வந்ததும் சலீமா சொன்னாள்: "அந்த ஆளுக்கு வயசு போதாது சார். சொன்னா உசுரு போயிரும். எந்திரிச்சு நடக்கட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்." எழுந்து நடக்க வேண்டுமானால் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமானால் எழுந்து நடக்க வேண்டும். இந்தச் சிக்கலை வைத்துக்கொண்டு இன்னொரு மாதம் ஓடிற்று. சொல்லும் துணிச்சல் எனக்கும் இல்லை. மலையில் அந்த வேலைக்கு இருந்த ஒரே ஆள் கட்டிலில் கிடந்தார்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா வந்தது. மலைக்கிராமம் ஒன்று பாக்கியில்லாமல் ஏற்காட்டில் இறங்கும், இறங்கியவர்களில் பாதிப் பேர் பாய் கடையில் நிற்பார்கள். இந்த வருஷம் பாயையும் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று ஒரே பிடிவாதம். யாராவது உளறிவிடுவார்களே என்று சலீமாவுக்கு மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் பழனிசாமியை வாசலில் நிறுத்தினாள். அவரும் உள்ளே போகிற ஒவ்வொருவர் காதிலும், "வெள்ளையன் கொல்லிமலைக்குப் போயிருக்காரு, மறந்துராதீங்க" என்று ஓதி அனுப்பினார். இந்த ஏற்பாட்டில் ஒரு குறைதான். எங்கே போனார் என்பதைச் சொல்லிக்கொடுத்தார், எதற்குப் போனார் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரடியூர் முனியப்பன் முதலில் வந்தார். "எப்படிங்க பாய் இருக்குது?" என்றவர், பாய் கேட்காமலே, "வெள்ளையன் வர்ல பாருங்க. தேனெடுக்கக் கொல்லிமலைக்குப் போயிட்டாரு" என்றார். அறுபது வயதுக்காரர் தேனெடுக்கப் போனாராம். அடுத்து வந்தவர் பலாப்பழம் வாங்கப் போயிருப்பதாகச் சொன்னார். ஒரு அம்மாள், "மவளுக்குச் சீர் கொண்டுட்டுப் போயிருக்காருங்க சாமி" என்றாள். வெள்ளையனுக்கு மகளே கிடையாது. இன்னொருவர் தன் பங்குக்கு, "நேத்துக்கூட அங்க பாத்தனுங்க, நொம்பக் கேட்டாருங்க உங்கள" என்று சேர்த்தார்.

பாய் சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழாவது ஆள் வாயைத் திறந்து, "கொல்லி…" என்றார். பாய் திரும்பினார்.

"கொல்லிமலைக்கு ஒரு மனுசன் எத்தன தடவதான்யா போவான்?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம். சமையற்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"தேனுக்குப் போனான், பலாப்பழத்துக்குப் போனான், பொறக்காத மவளுக்குச் சீர் எடுத்துட்டுப் போனான். நாலு மாசமா போயிட்டே இருக்கான். நடுவுல ஒரு தடவ ஊட்டுக்கு வந்துட்டாவது போகக்கூடாதா?" மூச்சு வாங்கியது. "பழனிசாமி! யோவ், வாசல்ல நிக்கறது தெரியுது, உள்ள வா. மாரமங்கலத்துக்கு பஸ் எத்தன மணிக்கு?"

"ரெண்டு மணிக்குங்க பாய், இன்னிக்கு அதுல எனக்குத்தான் டூட்டி. அங்க… எதுக்குங்க?"

சலீமா ஓடிவந்தாள். அந்த நிலையிலும் அவள் கைவிடவில்லை. "அங்க எதுக்குங்க, அவருதான் ஊர்ல இல்லியே!"

"அதுக்குத்தாண்டி போறேன்" என்றார் பாய்.

பழனிசாமியும் நானும் தூக்கி பஸ்ஸில் ஏற்றினோம். ஜன்னலோர சீட். பழனிசாமி பழக்கதோஷத்தில் டிக்கெட் கேட்காமல் தாண்டிப் போனார். பாய் கூப்பிட்டார். "டிக்கெட் குடுய்யா. எனக்கு எல்லாம் தெரியும்."

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் சலீமா மெதுவாகக் கேட்டாள். "எப்பத் தெரியும்?"

"நீ கொல்லிமலைன்னு சொன்ன அன்னிக்கே. எம் பொய்ய எங்கிட்டயே சொல்ற. அதயாவது ஒழுங்காச் சொன்னியா? சொல்றப்ப மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும், கஞ்சியப் பாத்துச் சொல்லக்கூடாது."

"தெரிஞ்சுட்டு ஏங்க வாயத் தொறக்கல? நான் ஒருத்தி கெடந்து சாகறேன்…"

"தெனமும் கேட்டனே. சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒருத்தரும் சொல்லல. நானா எப்படி அழுவறது? சொல்லாத சாவுக்கு ஊட்ல ஒருத்தன் மட்டும் உக்காந்து அழுதா பைத்தியம்பீங்க." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அவன் சாவுக்கு நான் போகல. ஆராயி என்ன நெனச்சிருக்கும்?"

சலீமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பாய் என்னிடம், "இந்த சீட்டுல எத்தன பேர ஏத்தி அனுப்பியிருக்கேன் சார். உக்காந்து பாத்தாத்தான் தெரியுது" என்றார். விளக்கம் நான் கேட்கவில்லை. கொல்லிமலை மிளகு பற்றிப் பொய் சொன்ன வாய் என்னுடையது.

ஆராயி, வெள்ளையனின் மனைவி. பஸ்ஸிலிருந்து பாயைத் தாங்கி இறக்குவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். பார்த்ததும் வீட்டுக்குள் ஓடினாள். உள்ளே எதையோ எடுத்து வைக்கிற சத்தம். நாங்கள் வாசலுக்குப் போனபோது முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நெற்றியில் பொட்டில்லை. அதை மறைக்க அவளுக்கு நேரமில்லை.

"வாங்க பாய், வாங்கம்மா. இந்த ஒடம்ப வெச்சுட்டு ஏனுங்க வந்தீங்க?" கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவரு… கொல்லிமலைக்குப் போயிருக்கறாருங்க."

பாய் தலையைத் திருப்பிச் சலீமாவைப் பார்த்தார். சலீமா கூரையைப் பார்த்தாள். நாலு மாதத்துக்கு முன்பு அவளே பழனிசாமியை அனுப்பி ஆராயியிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். புருஷனைப் பறிகொடுத்த ஐந்தாம் நாள், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்ல ஒப்புக்கொண்டவள் ஆராயி. அதைக் காப்பாற்றவும் செய்கிறாள்.

எங்களைப் பிடித்துக்கொண்டு பாய் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். ஆராயி காப்பி கொண்டுவந்தாள். "அவரு போறப்ப வறுத்து வெச்சுட்டுப் போனதுங்க" என்றாள், பொய்க்கு முட்டுக்கொடுக்க.

இடது கையால் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார் பாய்.

"இது கருகல ஆராயி."

அவள் நின்றாள்.

"நல்லாருக்குது. அவன் கையில வறுத்திருந்தா நல்லாருக்காது." டம்ளரைக் கீழே வைத்தார். "நீ சொல்லு கண்ணு. கேக்கறதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஆராயி சலீமாவைப் பார்த்தாள். சலீமா, அப்பாடா என்று தோற்றுப்போனவளைப் போலத் தலையை ஆட்டினாள்.

"செத்துப் போயிட்டாருங்க பாய்" என்றாள் ஆராயி. "தை பதினெட்டு. ஓக் மரத்துலருந்து விழுந்துட்டாருங்க. ஜீப்பு வர்றதுக்குள்ள உசுரு போயிருச்சு. ஏணி கட்டறப்பக்கூட, பாய் இல்லாம மொளக எங்க காயப்போடறதுன்னுதான் பொலம்புனாரு."

மலையில் முப்பது வருஷமாக யாருக்கும் நேராகச் சொல்லப்படாத அந்த வார்த்தை அவருக்கு நேராகச் சொல்லப்பட்டது. டீயும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பாய் சத்தம் போட்டு அழுதார். கோணிய வாயால் அழுவது பார்க்க நன்றாக இல்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆராயியும் அழுதாள். நாலு மாதமாக வருகிறவர்களிடமெல்லாம் இரண்டு விதமாகப் பேசி அவளும் களைத்திருந்தாள். வெகுநேரம் போயிற்று. அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அழுகிறார், மகனுக்கும் தம்பிக்கும் சேர்த்துத்தான் என்று சலீமா பிறகு சொன்னாள். இருக்கலாம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டபோது பாயின் கண் மூலையில் இருந்த சாமைப் பானைக்குப் பின்னால் போயிற்று. காய்ந்த செண்டுமல்லி மாலை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "அதென்ன, எடு."

ஆராயி தயங்கித் தயங்கி எடுத்தாள். சட்டம் போட்ட போட்டோ. எப்போதோ ஒரு திருவிழாவில், துணியில் வரைந்த அருவிக்கு முன்னால் வெள்ளையன் விறைத்து நிற்கிறார். அவர் தோளில் யாருடைய கையோ கிடக்கிறது. கைக்குச் சொந்தக்காரரைக் காணோம்.

"அவரு தனியா எடுத்த போட்டோவே இல்லீங்க பாய். இது ஒண்ணுதான், நீங்க ரெண்டு பேரும் நின்னது. உசுரோட இருக்கறவங்களுக்கு மாலை போடக்கூடாதுன்னு உங்கள மட்டும் பின்னால மடிச்சு உட்டுட்டமுங்க."

பாய் அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தோளில் கிடந்தது அவருடைய வலது கை.

"மடிக்காமலே போட்டிருக்கலாம். நாலு மாசமா நானும் அப்படித்தான் கெடந்தேன்."

"வாயக் கழுவுங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

அன்றோடு எல்லாம் சரியாயிற்று என்று எழுதினால் டாக்டர் தேவசிகாமணி என்னைச் சும்மா விடமாட்டார். மாத்திரை ஒரு வருஷம் ஓடிற்று. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாட்கள் அதற்குப் பிறகும் உண்டு. வலது கை பாதிதான் வந்தது. தராசை இடது கையில் பிடித்தார், பருப்பில் கல் இருந்தது. ஆனால் அந்தப் பாதியும் எங்கே தொடங்கிற்று என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்த பஸ்ஸில்.

ஆராயி கொடுத்த காப்பித்தூள் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பாய். அதை இடது கையால் எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை. பொட்டலம் சரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடி சரிந்தது. தன் கையைப் புதிதாகப் பார்ப்பவர்போல எரிச்சலோடு பார்த்தார்.

"சலீமா, அந்தப் பந்து எங்க?"

சலீமா இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பிப்ரவரியிலிருந்து அந்தப் பந்தை அவள் இடுப்பில் செருகாமல் வாசல் தாண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிவாசல் வாசலுக்கு, மருந்துக்கடைக்கு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட அது போயிருக்கிறது.

"ஊட்டுல இருக்குதுங்க" என்றாள்.

"கேக்கறப்ப இல்ல. கேக்காதப்பெல்லாம் கையில திணிச்சே."

"யா அல்லா!" சலீமா எழுந்தே நின்றுவிட்டாள். நாலு மாதக் கஞ்சி, நாலு மாதப் பந்து, பதினொரு புறா எல்லாம் சேர்ந்து அவள் வாய்வழியே கிளம்பின. "கட்டிலுக்கடியில நான் கெடையாக் கெடந்தப்ப உனக்குப் பந்து வேண்டாம். திருவிழாவும் அதுவுமா, ஆளும் பேரும் அலைமோதறப்போ, வாரிச் சுருட்டிட்டு ஓடியாந்த ஒரு நாளைக்குப் பந்து வேணுமா?"

முப்பது வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பாய் பொட்டலத்தை மறுபடி உள்ளங்கையில் வைத்து, இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.

"கத்தாத. உக்காரு. இது உழுந்தா எடுத்துக் குடு" என்றார்.

அது உடனே விழுந்தது. திட்டிக்கொண்டே குனிந்து எடுத்தாள்.